வாய்க்கால் வலது பக்கம்

செப்டம்பர் 1, ஞாயிறு

திருச்சிக்காரிகள் வருவது உறுதியாகிவிட்டது. இருபத்தொன்பதாம் தேதி, எட்டுப் பேர். எங்கள் மன்னார்குடி மகளிர் மிதிவண்டிக் குழுவில் ஏழு பேர். மொத்தம் பதினைந்து சைக்கிள். நீடாமங்கலம் பக்கம் ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் புறப்பட்டு, ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையுமாகவே போய், முத்துப்பேட்டையில் கடல்நாற்றம் மூக்கில் ஏறும் இடத்தில் முடிக்கிறோம். ஒரே நாள். வழியில் மேடு என்று சொல்ல ஒரு மண்மேடு கூடக் கிடையாது.

அவர்கள் தலைவி பத்மினி போனில் கேட்டாள்.

"மேடம், ரூட் யார் போடுறாங்க?"

"நான்தான்."

"முன்னாடி யார் ஓட்டுவாங்க?"

"அதுவும் நான்தான்."

வேறு யார் ஓட்டுவது? முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். எத்தனை பேரை வரிசையில் நிற்கவைத்து, ஓடவைத்து, அழவைத்து, கப் வாங்கவைத்திருக்கிறேன். ரிட்டயர் ஆனால் கால் மறந்துபோகுமா? பாதை நன்றாக இருந்தால் சின்னப் புத்தகமாக அச்சடித்து, வெளியூர் சைக்கிள் குழுக்களுக்கெல்லாம் கொடுப்பார்களாம். என் பெயர் போடுவார்களாம். போடட்டும், நான் என்ன வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன்?

செப்டம்பர் 4, புதன்

சமையலறைக் கதவை இவர் எப்போதும் பாதி திறந்தே வைக்கிறார். முழுக்கத் திற, இல்லை மூடு. நெற்றியில் இடது பக்கம் புடைத்துவிட்டது. ஒரே மாதத்தில் மூன்றாவது முறை என்று நன்றாகத் திட்டிவிட்டேன். கலியமூர்த்தி என்ற பெயர் கொண்ட மனிதர் வாயைத் திறந்து பதில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. பேசாமல் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

பாகற்காய் வறுவல் நன்றாக வந்தது.

செப்டம்பர் 6, வெள்ளி

சந்தையிலிருந்து திரும்பிப் பார்த்தால் சமையலறைக் கதவையே கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார். கேட்டால் கரையான் என்கிறார். தேக்குக் கதவு. கரையான் வந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். காபி போடப் போய்விட்டார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஜெசிந்தாவும் நானும் பாதை பார்க்கப் போனோம். ஜெசிந்தா கிளை அஞ்சலகத்தில் தபால் கொடுப்பவள். நாற்பது வயது. தினமும் இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துக் கடுதாசியும் பென்ஷனும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும் என்பது வரை தெரியும். ஆனால் பாதை போடுவது வேறு கலை. ஒருவர் போவதற்கு வழி தெரிந்தால் போதும். பதினைந்து பேரைக் கூட்டிப் போக நிழல், தண்ணீர், காற்று எல்லாம் பார்க்க வேண்டும்.

குறுவை அறுப்பு நடக்கிறது. ஒரு பக்கம் மெஷின் அறுக்க, அடுத்த வயலில் சம்பாவுக்கு நாற்று. வாய்க்கால்கள் எல்லாம் நிரம்பி ஓடுகின்றன. என்ன அழகு, என்ன அழகு. இந்த ஊரில் பிறந்து அறுபத்தொரு வருஷம் ஆகியும் எனக்கு அலுக்கவில்லை.

ஒரு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். தெற்கே போகும்போது வாய்க்கால் நமக்கு வலது பக்கம் இருக்க வேண்டும். மேல்காற்று தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வந்து முகத்தில் படும். வெயில் ஏற ஏறத்தான் அதன் அருமை தெரியும். அதற்காக அங்கங்கே பாலம் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. ஜெசிந்தா, "சுத்தாயிருக்கே டீச்சர்?" என்றாள். சுற்றிப் பார்க்கத்தானே வருகிறார்கள் என்றேன்.

பெரியகோட்டகத்தில் மட்டும் அவள் விடவில்லை. பாலம் தாண்டாமல் இந்தக் கரையிலேயே நேராகப் போனால் நாலு கிலோமீட்டரில் மெயின் ரோடாம். அந்தக் கரையில் வாய்க்கால் இடது பக்கம் வரும். ரோடு குண்டும் குழியுமாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். நோட்டிலும் அப்படியே எழுதினேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பாதைப் படம் வரைய நல்ல வெள்ளைத்தாள் தேடியபோது பீரோவில் அந்தக் கண் முகாம் சீட்டு கைக்கு வந்தது. ஏப்ரலில் கல்யாண மண்டபத்தில் நடந்த முகாம். வலது கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னாள் அந்தப் பெண். வெளிச்சம் சரியில்லை, அதனால் படிக்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் இருக்கும் போலிருக்கிறது, நரம்பைத் தின்றுவிடும், உடனே தஞ்சாவூர் போங்கள், அதுவரை வண்டி ஓட்டாதீர்கள் என்றாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. எல்லாருக்கும் இப்படி ஒரு சீட்டுக் கொடுத்துத்தான் ஆஸ்பத்திரிக்கு ஆள் சேர்ப்பார்கள்.

அப்பா கடைசி நாலு வருஷம் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தார். அது வயது.

தஞ்சாவூர் எங்கே ஓடிவிடப் போகிறது? இருபத்தொன்பது முடியட்டும். இப்போது போனால் சைக்கிளைத் தொடாதே என்பான். அதற்கென்றே படித்தவர்கள். இந்த ஒரு பாதையை நான் முன்னால் ஓட்டிக் காட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

சீட்டைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

முதல் ஒத்திகை. ஏழு பேரும் வந்தோம். கட்டுப்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒற்றை வரிசை. முன்னால் இருப்பவரின் பின் சக்கரத்தைப் பார். ரோட்டைப் பார்க்கும் வேலை என்னுடையது. நான் ஒதுங்கினால் எல்லாரும் ஒதுங்கணும், நான் நின்றால் எல்லாரும் நிற்கணும். பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தால் ஒரு கயிறு இழுத்த மாதிரி வருகிறது வரிசை.

வழியில் ஒரே ஒரு தகராறு. எவனோ ரோட்டின் இடது பாதியில் நெல்லைக் காயப் போட்டு, ஓரத்தில் கல் வேறு அடுக்கி வைத்திருக்கிறான். என் சக்கரம் கல்லில் ஏறி நெல்லுக்குள் போய்விட்டது. எனக்குப் பின்னால் ஆறு பேரும் அப்படியே நெல்லுக்குள். வயல்காரர் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏம்மா, இத்தனாம்பெரிய நெல்லு கண்ணுக்குத் தெரியலயா? ஏழு பேர் வாரீங்க, ஒருத்திக்குமா தெரியல?"

"ரோடு என்ன ஒங்க களமா?" என்று நானும் விடவில்லை.

ஜெசிந்தா இறங்கி, சிதறிய நெல்லைக் காலால் கூட்டிவிட்டு, அவரிடம் ஏதோ சமாதானம் சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

பின் டயருக்குக் காற்று. செயினுக்கு எண்ணெய். கொத்தவரங்காய்.

செப்டம்பர் 19, வியாழன்

கடைத்தெருவுக்கு நடந்தோம். இவர் இப்போதெல்லாம் எனக்கு இடது பக்கத்திலேயே நடக்கிறார். முப்பத்தைந்து வருஷமாக நாலடி முன்னால் நடந்து பழக்கப்பட்ட மனிதர். நான் வலது பக்கம் போங்கள், வெயில் படுகிறது என்றாலும் கேட்கவில்லை. ஆட்டோ உரசிக்கொண்டு போனபோது என் முழங்கையைப் பிடித்தார். ரோட்டில் வைத்து என்ன இது என்றேன். விட்டார். அடுத்த ஆட்டோவுக்கு மறுபடியும் பிடித்தார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இரண்டாவது ஒத்திகை. மனசு சரியில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

தாஜுன்னிசா விழுந்துவிட்டாள். தையல் கடை வைத்திருக்கிறாளே, அவள். நாற்பத்தைந்து வயதில் சைக்கிள் கற்றுக்கொள்ள வந்தவள். சீட்டின் பின்னால் பிடித்துக்கொண்டு பதினோரு நாள் நான் ஓடினேன். பன்னிரண்டாம் நாள் கையை விட்டது தெரியாமல் "டீச்சர் பிடிச்சிருக்கீங்களா? பிடிச்சிருக்கீங்களா?" என்று கத்திக்கொண்டே தெருமுனை வரை போய்விட்டாள். எங்கள் குழுவிலேயே எனக்குப் பிடித்த ஆள்.

தண்ணீர் பாட்டிலைக் கொடுப்பதற்காக வரிசையை விட்டு விலகி என் இடது பக்கமாக வந்திருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? குரல் கொடுத்திருக்க வேண்டாமா? நான் ஒரு பள்ளத்துக்காக ஒதுங்கினேன், அவள் மேல் மோதிவிட்டேன். நல்லவேளை, அந்தப் பக்கம் வயல். நாற்றங்கால் சேற்றில் விழுந்தாள். முழங்கை சிராய்ந்து ரத்தம்.

"வரிசையை விட்டு வராதேன்னு எத்தன தடவ சொல்றது? ஒருத்தி செய்யிற தப்புக்கு எல்லாரும் சாகணுமா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். பழக்கம், வாய் ஓடிவிட்டது.

"குரல் கொடுத்தேன் டீச்சர்" என்றாள் மெதுவாக. "பக்கத்துலயே வந்து பாட்டில நீட்டுனேன். நீங்க வாங்கலயேன்னு நெனச்சேன்."

எதிர்த்துப் பேசாதே என்றேன். இனிமேல் யாரும் என் இடது பக்கம் வரக்கூடாது என்று புது விதி போட்டேன்.

செப்டம்பர் 23, திங்கள்

தாஜு போனை எடுக்கவில்லை. ரவிக்கை கொடுக்கிற சாக்கில் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெண், அக்கா இன்றைக்கு வரவில்லை, வீட்டில் படுத்திருக்கிறார்கள் என்றாள். இனி சைக்கிளை எடுக்க மாட்டேன் என்று சொன்னாளாம்.

செப்டம்பர் 25, புதன்

சாயங்காலம் ஜெசிந்தா தபால் பையோடு நேராக வீட்டுக்கே வந்தாள். நான் வரைந்து கொடுத்த பாதைப் படத்தை மேஜையில் விரித்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"மொத்தம் அறுபத்தோரு கிலோமீட்டர். பதினோரு பாலம். நேத்திக்குத் தபால் லைன் முடிச்சிட்டு ஒக்காந்து பாத்தேன். ஒரு எடத்துலகூட வாய்க்கா எடது பக்கம் வரல டீச்சர். எங்க எடது பக்கம் வருதோ, அங்க ஒரு பாலத்தப் புடிச்சு அந்தண்ட போயிடறீங்க. நல்ல ரோட்ட விட்டுட்டு மண்ரோட்டுல போறோம், பாலம் இல்லாத எடத்துல ரெண்டு ஊர் சுத்திப் போறோம்."

"காத்துக்காக. மேல்காத்து."

"சாயங்காலம் மூணு மணிக்கு மேல அங்க கடக்காத்துல்ல டீச்சர் அடிக்கும்? கிழக்கேர்ந்து."

இந்தப் பெண்ணுக்கு எல்லாக் காற்றும் தெரியும். தபால்காரியிடம் போய்க் காற்றைச் சொன்னேனே.

"அன்னைக்கி நெல்லு எடது பக்கம். தாஜுக்கா எடது பக்கம். ஸார் கடைத்தெருவுல ஒங்களுக்கு எடது பக்கம் நடக்கிறாரு, நான் பாத்தேன்" என்று சொல்லி நிறுத்தினாள். பிறகு, "எவ்ளோ நாளா டீச்சர்?" என்றாள்.

உன் வேலையைப் பார் என்றேன். சர்வீஸில் இருந்தபோதுகூட யாரையும் அப்படிச் சொன்னதில்லை. அவள் படத்தை ஒழுங்காக மடித்து மேஜையில் வைத்தாள்.

"பதினாலு பேர் டீச்சர். எல்லாம் ஒங்க சக்கரத்தப் பாத்து வரவங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், அத நீங்கதான் சொல்லணும். ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு அடுத்தாப்புல நான் வருவேன்."

இவர் உள்ளே இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். அவள் போனதும் வந்து, "காபி?" என்றார்.

செப்டம்பர் 28, சனி

நான் ஒன்றும் குருடியில்லை. வலது கண்ணால் ஊசியில் நூல் கோப்பேன். பாதை முழுவதும் எனக்குப் பாதுகாப்பாகத்தான் போட்டிருக்கிறேன். பதினோரு பாலமும் மனப்பாடம். நாளை ஒரே ஒரு நாள். ஒரு நாள் ஓடாதா?

தாஜுவுக்கு மன்னிப்பு என்று ஒரு வார்த்தை போனில் தட்டினேன். அனுப்பவில்லை. அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 30, திங்கள்

நேற்று எழுதவில்லை. இப்போது காலை ஏழு மணி. காபி ஆறுகிறது.

நேற்று விடிந்ததும் மூணாறு தலைப்பில் பதினைந்து பேரும் ஆஜர். ஆமாம், பதினைந்து. தாஜுவும் வந்திருந்தாள், முழங்கையில் பிளாஸ்திரியோடு. ஜெசிந்தா போய் அழைத்திருக்கிறாள். என்னைப் பார்க்காமல் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

திருச்சிக்காரிகள் தலைக்கவசம், கியர் வைத்த சைக்கிள், காலை ஒட்டின உடுப்பு என்று விளம்பரத்தில் வருகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். நான் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு என் பழைய கறுப்பு சைக்கிளில் முன்னால். முதல் இரண்டரை மணி நேரம் என் வாழ்க்கையில் நல்ல நேரம் என்று சொல்வேன். மூன்று ஆறாகத் தண்ணீர் பிரிவதைப் பார்த்து ஒருத்தி கைதட்டினாள். நாரை கூட்டமாக எழுந்தது. டீக்கடையில் இட்லியும் மீன்குழம்பும். பத்மினி, "மேடம், இதையெல்லாம் இத்தன நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றாள். நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பெரியகோட்டகம் வந்தது. பாலத்தின் நடுவில் லாரி, லாரி மேல் அறுவடை மெஷின். அகலம் பார்க்காமல் ஏற்றி, கைப்பிடிச் சுவரில் இடித்து, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் நிற்கிறது. ஒரு சைக்கிள் நுழைய இடமில்லை. டிரைவர் மேலே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"எப்பப்பா எடுப்பே?"

"ஜேசிபி வரணும்மா. மத்தியானம் ஆவும்."

பத்மினி தன் போனைப் பார்த்தாள். "மேடம், பாலத்த ஏன் தாண்டணும்? இந்தக் கரையிலயே நேரா போனா நாலு கிலோமீட்டர்ல மெயின் ரோடுன்னு காட்டுதே."

"அது மோசமான ரோடு. குண்டும் குழியும்" என்றேன்.

"எது, இதா?" என்றான் டிரைவர். "மூணு மாசம் முன்னாடிதானம்மா தார் போட்டாங்க. கண்ணாடியாட்டம் இருக்கு."

எல்லாரும் ரோட்டைப் பார்த்தார்கள். கறுகறுவென்று நேராகப் போகிறது, குண்டும் இல்லை குழியும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்கள். ஜெசிந்தா தரையைப் பார்த்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "சரி, போவோம்" என்றுதான் சொன்னேன்.

வாய்க்கால் இடது பக்கம். அந்தப் பக்கம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதுகிறேன், இதுவரை எங்கும் எழுதியதில்லை. இருட்டு இல்லை. இருட்டாக இருந்தால் இருட்டு என்றாவது தெரியும். அங்கே ஒன்றுமே இல்லை, முதுகுக்குப் பின்னால் ஒன்றும் தெரியாத மாதிரி. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பார்க்க வேண்டும் என்று தலையை இடது பக்கம் திருப்பினேன். தலை திரும்பினால் கைப்பிடியும் திரும்பும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

டயருக்கடியில் புல் சரசரத்தது. "டீச்சர், கரை! நில்லுங்க!" என்று ஜெசிந்தா அலறினாள். இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். முன் சக்கரத்துக்கும் சரிவுக்கும் ஒரு முழம்கூட இல்லை. கீழே ஆள் உயரத்துக்குத் தண்ணீர் சுழித்து ஓடுகிறது.

அது எனக்குப் பெரிதாகப்படவில்லை. திரும்பிப் பார்த்தேன். பதினான்கு சைக்கிளும் ரோட்டை விட்டுப் புல்லில் நின்றன. இவ்வளவு அகலமான தார் ரோடு சும்மா கிடக்க, ஒருத்தி விடாமல் கரையோரத்தில். திருச்சியிலிருந்து வந்த சின்னப் பெண் ஒருத்தியின் பின் சக்கரம் சரிவில் இறங்கியே விட்டது, பத்மினி அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் போன இடமெல்லாம் வந்திருக்கிறார்கள். ரோட்டைப் பார்க்காதே, என் சக்கரத்தைப் பார் என்று சொல்லிக் கொடுத்தது நான்தான். நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணை மேலே இழுத்து விட்டோம். நான் ஸ்டாண்டைப் போட்டேன்.

"எல்லாரும் இங்க கவனிங்க. எனக்கு எடது கண்ணு தெரியல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏப்ரல்லயே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க, நான் போகல. சொன்னா முன்னாடி ஓட்ட விடமாட்டீங்கன்னு சொல்லல. இந்தப் பாதையும் எனக்கு ஏத்த மாதிரி போட்டதுதான்."

மைதானத்தில் சொல்கிற குரலில்தான் சொன்னேன். வேறு குரல் எனக்கு வராது.

கடைசியிலிருந்து தாஜு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்ப அன்னைக்கி நான் விழுந்தது என் தப்பு இல்லயா டீச்சர்?"

"இல்ல தாஜு. என் தப்பு."

"நான் ஒரு வாரமா தூங்கல டீச்சர். எனக்கு இன்னும் சரியா ஓட்டத் தெரியல, என்னால ஒங்களுக்கு ஏதாவது ஆயிருந்தான்னு" என்று சொல்லி அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. பதினான்கு பேர் நடுவில், பி.டி. டீச்சர். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சுக்க, மன்னிச்சுக்க என்று எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது.

முன்னால் ஜெசிந்தாவைப் போகச் சொன்னேன். மறுத்தாள். தபால்காரிக்குத் தெரியாத ரோடா, ஏறு என்று அதட்டினேன். எல்லாரும் ரோட்டைப் பாருங்க, யார் சக்கரத்தையும் பார்க்காதீங்க என்று முதல் முறையாகச் சரியான பாடம் சொன்னேன். போனார்கள்.

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த நாலு கிலோமீட்டரையும் நடந்தேன். தாஜு போக மாட்டேன் என்று நின்று, வாய்க்கால் ஓரமாக, எனக்கு இடது பக்கம் நடந்து வந்தாள். மெயின் ரோட்டில் மற்றவர்கள் காத்திருந்தார்கள், எங்களுக்கு இளநீர் சீவி வாங்கி வைத்திருந்தாள் ஜெசிந்தா. சைக்கிளை இளநீர்க் கடையில் விட்டுவிட்டு, வெகுநேரம் காத்திருந்து, முத்துப்பேட்டைக்கு நான் பஸ்ஸில் போனேன். அவர்கள் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவ்வளவு வேகமாக ஓட்டியிருக்கிறாள் அந்தத் தபால்காரி.

காபி ஆறியே போய்விட்டது. இவர் வேறு போட்டுக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 3, வியாழன்

தஞ்சாவூர். இவரும் வந்தார், பஸ்ஸிலும் இடது பக்கத்து சீட். டாக்டரம்மா ஒரு மணி நேரம் பார்த்தார். கண் நீர் அழுத்தம். அப்பாவுக்கு என்னவாக இருந்தது என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார்.

"எடது கண்ணுல போனது இனி வராதும்மா. வலது கண்ணுலயும் ஓரம் அரிக்க ஆரம்பிச்சிருக்கு. அத நிறுத்தலாம். ஏப்ரல்லயே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் மிச்சம் பண்ணியிருப்போம்."

"சைக்கிள்?"

"ரோட்டுல வேணாம்."

காலையும் மாலையும் தவறாமல் சொட்டு மருந்து. வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். உங்களுக்கு எப்போது தெரியும் என்று இவரிடம் கேட்டேன். பொங்கலுக்கே என்றார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா நீ கேட்டிருப்பியா பாக்கியம்?"

கேட்டிருக்க மாட்டேன். அதற்காகச் சொல்லாமல் இருப்பதா என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சண்டை போட்டேன். கொஞ்சம் தெம்பு வந்தது. வரும்போது அசோகா அல்வா வாங்கித் தின்றோம்.

அக்டோபர் 6, ஞாயிறு

குழு காலையில் கோரையாற்றங்கரைக்குப் போனது. ஜெசிந்தா முன்னால். நான் போகவில்லை. துணி துவைத்தேன். ஒரே புடவையை இரண்டு முறை.

அக்டோபர் 13, ஞாயிறு

பத்மினி போன் செய்தாள். புத்தகம் போட எல்லாரும் ஆசைப்படுகிறார்களாம். கோபமாக இருப்பார்கள் என்று நினைத்தேன். கோபம் இருந்ததாம், இப்போதும் கொஞ்சம் இருக்கிறதாம், நேராகவே சொன்னாள். ஆனாலும் அந்தப் பாதை வேண்டும் என்றாள்.

"அந்தப் பாதை வேண்டாம். சரியானது எழுதித் தர்றேன்" என்றேன்.

மத்தியானம் ஜெசிந்தாவும் தாஜுவும் வந்தார்கள். படத்தை விரித்துவைத்துக்கொண்டு பாலம் பாலமாக அடித்துக்கொண்டே வந்தேன். ஒத்தப்பனைப் பாலம் எனக்காக. தேவையில்லை. ஐயனார்கோயில் மதகு எனக்காக. வேண்டாம். மேலவெளியைச் சுற்றிப் போன மண்ரோடு, அதில் ஒரு மரம்கூட இல்லை, அதுவும் எனக்காக. ஒவ்வொன்றை அடிக்கும்போதும் வலித்தது, பொய் சொல்வானேன். கடைசியில் அறுபத்தொன்று நாற்பத்தேழாக வந்து நின்றது. பதினோரு பாலத்தில் மூன்று மிஞ்சியது. பதினாலு கிலோமீட்டரும் எட்டுப் பாலமும், பதினான்கு பேரை நான் எனக்காக மிதிக்க வைக்கப் பார்த்திருக்கிறேன்.

"இப்ப நல்லாருக்கு டீச்சர்" என்றாள் ஜெசிந்தா. நல்லாத்தான் இருக்கிறது. ஒரு பாதை இப்படித்தான் இருக்க வேண்டும்.

பெரியகோட்டகத்தில் வந்து பேனா நின்றது. அந்த நாலு கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள் என்று ஜெசிந்தா வாயைத் திறந்தாள். வேண்டாம், எனக்குத் தெரியும் என்றேன். அன்றைக்கு நடந்தபோது கழுத்தை முழுக்க இடது பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, அடிக்கு அடி பார்த்துக்கொண்டேதான் போனேன். தாஜு எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது என்றுகூட நினைத்திருப்பாள்.

புத்தகத்துக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்:

பெரியகோட்டகத்தில் பாலம் தாண்ட வேண்டாம். நேராகப் போகவும். முதல் கிலோமீட்டர் முழுக்கப் புங்கமரம். துணி துவைக்கும் படித்துறையில் நின்றால் எதிர்க்கரையில் மீன்கொத்தி உட்காரும். அதற்கப்புறம் வாய்க்கால் வளைகிற இடத்தில் அல்லி, காலை ஒன்பது மணிக்குள் போனால் விரிந்திருக்கும். தண்ணீர் உங்களுக்கு இடது கைப்பக்கமே வரும். ரோடு நல்ல ரோடு.